பாய்க்கப்பல் காலத்துக் கடல் நூல்கள்: அம்மப்பாவுக்கு அடுத்து எதை வாசித்துக் காட்டலாம்?

நெய்தல் | வெள்ளி இரவு 9.40

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். கேள்வி சின்னது, ஆனால் அதன் கதையையும் சொன்னால்தான் சரியான பதில் கிடைக்கும்.

என் அம்மப்பாவுக்கு 91 வயது. வல்வெட்டித்துறை ஆள். பதினான்கு வயதில் பாய்க்கப்பலில் ஏறியவர். இப்போது கண் மங்கிவிட்டது. மாலையில் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது என் வேலை. போன மாதம் ஒருநாள் செய்தி கேட்டு அலுத்துப்போய், "வேற ஏதும் இருந்தா வாசி பிள்ளை" என்றார். கைக்குக் கிடைத்தது எரிக் நியூபியின் 'த லாஸ்ட் கிரெய்ன் ரேஸ்'. ஆங்கிலத்தை மனதுக்குள் வாசித்து, வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

1938இல் லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்த பதினெட்டு வயதுப் பையன், வேலையை விட்டுவிட்டு 'மொஷுலு' என்ற நாலு பாய்மரக் கப்பலில் பயிற்சியாளாகச் சேருகிறான். பெல்பாஸ்ட்டில் இருந்து சரக்கில்லாமல் அவுஸ்திரேலியா போய், கோதுமை ஏற்றி, கேப் ஹோர்னைச் சுற்றி 91 நாளில் அயர்லாந்து திரும்புகிறார்கள். 1939இல் கோதுமை கொண்டுவந்த பாய்க்கப்பல்களில் அதுதான் வேகமாக ஓடியது.

முதல் நாளே பையனை மரத்தில் ஏறச் சொல்கிற இடம் வந்தது. கப்பலடியில் இருந்து உச்சிவரை 198 அடி. நான் "கயிற்றைப் பிடித்து ஏறினான்" என்று சொல்லிக் கடந்து போகப் பார்த்தேன். அம்மப்பா கையை நீட்டி நிறுத்தினார். "எந்தக் கயிறு? ஆஞ்சானோ, தாமானோ, மரத்தை இழுத்துக் கட்டின கயிறோ? ஆஞ்சானைப் பிடிச்சு ஏறினா விழுவான்."

எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தில் அது தெளிவாகவே இருந்தது. நான்தான் எல்லாவற்றையும் கயிறு கயிறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு கொப்பியில் அவர் சொல்லும் சொற்களை எழுதி வருகிறேன். ஆஞ்சான் பாயை மேலே ஏற்றும் கயிறு. தாமான் பாயின் கீழ் மூலையைக் காற்றுக்குத் தக்கபடி இழுத்துப் பிடிப்பது. பருமல் பாய் தொங்கும் குறுக்குக் கட்டை. அணியம் கப்பலின் முன்பக்கம். இருபத்தொன்பது வயதில் இதெல்லாம் எனக்குப் புதிது.

நியூபி முடிந்துவிட்டது. அடுத்து என்ன? போர்க்கப்பல், பீரங்கி, புதையல் வேண்டாம். கப்பலில் வேலை எப்படி நடந்தது, என்ன சாப்பிட்டார்கள், காற்று மாறினால் என்ன செய்தார்கள் என்று எழுதியவர்கள் வேண்டும். அம்மப்பாவும் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: 1938இல் நீராவிக் கப்பல் இருக்கும்போது வெள்ளைக்காரன் ஏன் இன்னும் பாயில் கோதுமை ஏற்றினான்?

பழம்புத்தகம் | வெள்ளி இரவு 10.25

தங்கச்சி, முதலில் அம்மப்பாவின் கேள்வி.

சூயஸ் கால்வாய் 1869இல் திறந்ததும் தேயிலை போன்ற அவசரச் சரக்கு நீராவிக்குப் போய்விட்டது. பாய்க்கப்பலுக்குக் கால்வாய் உதவவில்லை, செங்கடல் காற்று அதற்கு ஒத்துவராது. மிஞ்சியது அவசரமில்லாத சரக்கு. தென் அவுஸ்திரேலியாவின் கோதுமைத் துறைகள் சின்னவை, ஏற்றுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். நீராவிக் கப்பல் அப்படிக் காத்துக் கிடந்தால் நட்டம். பாய்க்கப்பலுக்கு நிலக்கரிச் செலவு இல்லை, பழைய கப்பல் மலிவு, நியூபி மாதிரிப் பையன்கள் 50 பவுண் கட்டிப் பயிற்சிக்கு வருவார்கள். ஃபின்லாந்தின் ஓலண்ட் தீவுகளில் குஸ்தாவ் எரிக்சன் என்ற முதலாளி இந்தக் கணக்கில்தான் மற்றவர்கள் விற்றுத் தள்ளிய பெரிய பாய்க்கப்பல்களை வாங்கி ஓட்டினார். மொஷுலுவும் அவருடையது. யுத்தம் வந்ததோடு எல்லாம் குலைந்தது.

அடுத்த புத்தகத்துக்கு எனக்கு யோசனையே தேவையில்லை. ரிச்சர்ட் ஹென்றி டேனா, 1840இல் வந்த 'டூ இயர்ஸ் பிஃபோர் த மாஸ்ட்'. பாய்மரத்துக்கு முன்னால் இரண்டு ஆண்டுகள். சாதாரண மாலுமிகள் கப்பலின் முன்பக்கத்தில், மரத்துக்கு அந்தப் பக்கம்தான் படுப்பார்கள். அதிகாரிகள் பின்பக்கம். ஆகவே தலைப்பைக் கேட்டதுமே எழுதியவன் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். அதற்கு முன் கடலைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலானோர் பின்பக்கத்து ஆட்கள்.

ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த பையன். சின்னமுத்து வந்து கண் பாதித்தது, வாசிக்க முடியவில்லை. பயணியாகப் போகாமல் கூலி மாலுமியாக 1834 ஓகஸ்ட் 14இல் பொஸ்டனில் 'பில்கிரிம்' கப்பல் ஏறினான். கேப் ஹோர்ன் சுற்றிக் கலிபோர்னியா. அங்கே வேலை மாட்டுத்தோல் சேகரிப்பது. காய்ந்த தோலைத் தலையில் சுமந்து, அலைக்குள் இறங்கி, நனையாமல் போட்டில் ஏற்ற வேண்டும். 1836இல் 'அலேர்ட்' என்ற வேறு கப்பலில் நாற்பதினாயிரம் தோலோடு திரும்பினான். தெற்கே அது குளிர்காலம், கேப் ஹோர்னில் பனிக்கட்டி மலைகளுக்கு நடுவே அவர்கள் பட்ட பாடு பல அத்தியாயம் போகிறது.

கண் மங்கிய ஒருவருக்கு, கண் பாதிக்கப்பட்டுக் கடலுக்குப் போனவனின் கதையை வாசித்துக் காட்டப் போகிறீர்கள். கட்டாயம் எடுங்கள்.

பேனாமுனை | சனி காலை 7.15

கடல் பயணம் என்றால் சாண்டில்யனின் 'கடல் புறா'வை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போக வேண்டுமா? இளைய பல்லவனும் அகூதாவும் சாவகக் கடலில் செய்த சாகசம் போதாதா? கல்கியின் பூங்குழலி தனியாகப் படகு செலுத்துவதும் இருக்கிறது. தமிழிலேயே இருக்கும்போது ஏன் மொழிபெயர்த்துக் கஷ்டப்பட வேண்டும்?

மருதம் | சனி காலை 9.02

'கடல் புறா'வைப் பள்ளிக்கூடக் காலத்தில் மேசைக்கு அடியில் வைத்து வாசித்தவள் நான். இன்றும் பிடிக்கும். ஆனால் நெய்தல் கேட்டது வேறு. அரச கதையில் கப்பல் நாயகனைச் சுமந்து போகும், ஆஞ்சானை இழுக்கிறவனுக்குப் பெயர் இருக்காது. 91 வயதுத் தண்டையல், அதாவது பாய்க்கப்பல் தலைவர், முதல் அத்தியாயத்திலேயே "எந்தக் காற்று?" என்று கேட்பார்.

தமிழில் வேண்டுமென்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). யுத்தகாலத்து மலாயா, சுமத்திரா தமிழர்களின் கதை. தொங்கான் என்கிற பாய்ச்சரக்குக் கப்பலில் கடல் கடக்கும்போது புயல் பிடிக்கும் அத்தியாயத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வாக்கியங்கள் அலை மாதிரி முறிந்து முறிந்து வரும். அடுத்து ஜோ டி குரூஸின் 'கொற்கை' (2009), தூத்துக்குடித் தோணிக்காரர்களின் பல தலைமுறைக் கதை. அந்தத் தோணிகள் சரக்கோடு வந்து நின்றது நம் கொழும்புத் துறைமுகத்தில்தான். அம்மப்பாவுக்கு நேரில் தெரிந்த உலகம் அது.

நம்மவர்களில் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. நெடுந்தீவில் வாடி அமைத்துத் தங்கும் மீனவர்கள். கப்பல் கதை இல்லை, ஆனால் காற்றுத் திரும்பினால் மனிதர்களின் வாழ்க்கை எப்படித் திரும்பும் என்பது அதில் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக் கடலோடி | சனி பிற்பகல் 2.30

இருபத்தெட்டு வருடம் இயந்திரக் கப்பல்களில் இருந்தேன். நான் கடலுக்குப் போகும்போது பாய் போய்விட்டது. என்றாலும் லீவில் வரும்போதெல்லாம் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் பாய்க்கப்பல் நூல்களாகவே தேடி வாங்குவேன்.

டேனா சரி. ஆனால் ஜோசப் கொன்ராட் வாசிக்காமல் கடல் நூல் வாசித்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. பிறப்பால் போலந்துக்காரர், 1857. ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. 1886இல் கப்டன் சான்றிதழ் எடுத்தார். 1884இல் பம்பாயில் இருந்து 'நார்சிசஸ்' என்ற கப்பலில் இரண்டாம் அதிகாரியாகப் போனதை வைத்து 1897இல் ஒரு நாவல் எழுதினார். அதன் ஆங்கிலத் தலைப்பில் கறுப்பு மனிதனைக் குறிக்கும் இழிசொல் இருக்கிறது. அமெரிக்காவில் அதே வருடம் 'கடலின் பிள்ளைகள்' என்ற தலைப்பில் வந்தது. நான் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறேன்.

நன்னம்பிக்கை முனைக்கு அருகே புயலில் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. பாய்மரங்களை வெட்டிவிட்டால் நிமிரும் என்று மாலுமிகள் கத்துகிறார்கள், கப்டன் மறுக்கிறார். எல்லோரும் கயிற்றில் தங்களைக் கட்டிக்கொண்டு குளிரில் விறைத்துக் கிடக்கும்போது, சமையல்காரன் சாய்ந்த கப்பலுக்குள் தவழ்ந்து போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வருகிறான்! கப்பல் மிதக்கும்வரை தன் வேலை சமைப்பது என்பதுதான் அவன் நினைப்பு.

வங்காள விரிகுடாவில் ஒரு புயல் இரவில் எங்கள் சமையல்காரர், மலையகத்து மனிதர், பானையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி வந்தார். தேத்தண்ணீர் பாதிக்குமேல் அவர் சட்டையில். மீதியை ஒன்பது பேர் குடித்தோம். கொன்ராட்டின் அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் அவர் முகம்தான் எனக்கு வரும்.

சின்னதாக வேண்டுமென்றால் 'யூத்' என்ற நெடுங்கதை. நிலக்கரி ஏற்றிய கிழட்டுக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடிக்கிறது. இரண்டு மாலையில் வாசித்து முடிக்கலாம்.

சோழகம் | சனி இரவு 8.48

நானும் வல்வெட்டித்துறைதான், இப்போது பம்பலப்பிட்டி. நெய்தல் தங்கச்சியின் கொப்பியைப் பற்றி வாசித்ததும் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

அலன் வில்லியர்ஸ் எழுதிய 'சன்ஸ் ஒஃப் சின்பாத்' (1940) எடுங்கள். அவுஸ்திரேலியர், கேப் ஹோர்ன் சுற்றிய கப்பல்களில் வளர்ந்தவர், தானே பாய்க்கப்பல் வைத்து உலகம் சுற்றியவர். 1938இல் ஏடனில் ஒரு குவைத் பாய்க்கப்பலில் ஏறினார். ஆபிரிக்கக் கரையோரம் சான்சிபார், அங்கிருந்து ருஃபிஜி ஆற்று முகத்துவாரம், கண்டல் மரக்கம்புகளை ஏற்றிக்கொண்டு 1939இல் குவைத். போகும்போது வடகிழக்குக் காற்று, திரும்பும்போது தென்மேற்கு. நம் ஆட்கள் வாடையையும் சோழகத்தையும் வைத்துக் கணக்குப் போட்ட அதே முறை. இந்தக் கணக்கு வில்லியர்ஸுக்குப் பாடமாகப் படிக்க வேண்டியதாக இருந்தது. அம்மப்பாவுக்கு அது சாப்பாட்டு நேரம் மாதிரி உடம்பில் இருக்கும்.

என்னைத் தொட்ட பகுதி கடன். மாலுமி நகோடாவுக்கு, அதாவது கப்பல் தலைவனுக்குக் கடன்பட்டவன். நகோடா குவைத்து வியாபாரிக்குக் கடன்பட்டவன். முத்துக்குளிப்பில் இன்னும் மோசம், தகப்பன் கடன் மகன் தலையில். வில்லியர்ஸ் அந்த மாலுமிகளோடு மேல்தட்டிலேயே படுத்து, அவர்களின் சட்டியிலேயே சாப்பிட்டுத்தான் இதை எழுதுகிறார். நம் கரையோரத்தில் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கினவனுக்கு இந்த அத்தியாயத்தில் ஒரு வரிகூட விளக்கத் தேவையில்லை. பாய் ஏற்றும்போது அவர்கள் பாடிக்கொண்டே இழுப்பதும் வருகிறது. நம் அம்பாப் பாட்டுத்தான் அது, மொழி மட்டும் அரபு.

மருதம் | ஞாயிறு காலை 10.10

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். இந்த நூல்களில் ஆசிய மாலுமி எங்கே? நீராவிக் கப்பல் காலத்தில் இந்துமாகடலில் ஓடிய பிரித்தானியக் கப்பல்களில் லஸ்கர்கள் என்ற ஆசிய மாலுமிகள் எத்தனையோ ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். ஆங்கிலக் கதைகளில் அவர்கள் ஒரு கூட்டமாகத்தான் வருவார்கள். பெயர் இல்லை, வீட்டுக்கு எழுதிய கடிதம் இல்லை. கொன்ராட்டின் 'லோர்ட் ஜிம்' நூற்றுக்கணக்கான யாத்திரிகர்களை நடுக்கடலில் விட்டுவிட்டு ஓடிய அதிகாரியைப் பற்றியது. 1880இல் 'ஜெத்தா' என்ற கப்பலில் உண்மையில் நடந்தது. நாவல் முழுக்க அந்த அதிகாரியின் மனவேதனை. விட்டுவிடப்பட்டவர்களின் இரவு எப்படி இருந்தது என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

அதனால் இந்தப் பட்டியலில் ஒலௌடா எக்வியானோவைச் சேர்க்க வேண்டும். அடிமையாக விற்கப்பட்ட ஆபிரிக்கர். கடற்படைக் கப்பலிலும் வியாபாரக் கப்பலிலும் மாலுமியாக வளர்ந்து, சிறு வியாபாரம் செய்து சேர்த்த பணத்தில் 1766இல் 40 பவுண் கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கினார். 1773இல் வடதுருவம் நோக்கிப் போன பயணத்திலும் இருந்தார். 1789இல் தன் வரலாற்றை எழுதினார். அடிமைக் கப்பலின் கீழ்த்தட்டைப் பற்றி அவர் எழுதுவதை வயதானவருக்கு இரவில் வாசித்துக் காட்ட வேண்டாம், பகலில் வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கடலோடி | ஞாயிறு காலை 11.35

மருதம் சொன்னதை ஏற்கிறேன். நானும் அந்த நாவலை மூன்று தடவை வாசித்தேன், மூன்று தடவையும் அந்த அதிகாரியின் பக்கம் இருந்துதான் வாசித்திருக்கிறேன். நாலாவது தடவை வேறு மாதிரி வாசிப்பேன்.

டேனாவைப் பற்றி இதோடு சேர்த்து ஒன்று. கப்டன் இரண்டு மாலுமிகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கும் காட்சி அவர் நூலில் இருக்கிறது. கரைக்கு வந்ததும் அதை மறக்கவில்லை. சட்டம் படித்து மாலுமிகளின் வழக்குகளை எடுத்து நடத்தினார். 1841இல் மாலுமிகளுக்காக ஒரு கைநூலும் எழுதினார். கயிறு, பாய் விளக்கத்தோடு, கப்பலில் யாருக்கு என்ன கடமை, சட்டம் என்ன சொல்கிறது என்பதும் அதில் இருக்கிறது.

மூதூரான் | ஞாயிறு இரவு 9.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் ஊரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே!

றொபர்ட் நொக்ஸ். 'ஆன்' என்ற கப்பல் 1659இல் மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. புது மரம் போட்டுக்கொள்ள எங்கள் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். கப்பல் தலைவரான தகப்பனையும் மகனையும் மற்றவர்களையும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். தகப்பன் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்று, நெல் வட்டிக்குக் கொடுத்து, பத்தொன்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 1679இல் ஒரு தோழனோடு காட்டாற்றோரமாக நடந்து அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அங்கிருந்து மன்னார், பிறகு கொழும்பு. 1681இல் லண்டனில் புத்தகம் வந்தது. தீவில் தனியே ஒதுங்கியவனின் கதையான ரொபின்சன் குரூசோவை டானியல் டிஃபோ எழுதியது அதற்குப் பிறகுதான், 1719இல்.

நொக்ஸ் நூலில் கப்பல் கொஞ்சம்தான். ஆனால் ஒரு பாய்மரம் முறிந்ததில் இருந்து எல்லாம் தொடங்குகிறது. அவர்கள் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரத்தடியைச் சின்ன வயதில் வாப்பா எனக்குக் காட்டினார். கொழும்புக்கு வந்து இருபது வருடம் ஆகிறது, மூதூர் என்றால் முதலில் அந்த நிழல்தான் ஞாபகம் வரும்.

மருதம் | ஞாயிறு இரவு 9.50

மூதூரான் நானா, அருமை. கரையொதுங்கியவர் கதை என்றதும் மணிமேகலை ஞாபகம் வருகிறது. ஆதிரையின் கணவன் சாதுவன். கப்பல் உடைந்து, ஒடிந்த பாய்மரத் துண்டைப் பற்றி மிதந்து, நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அவர்கள் ஆளைத் தின்பவர்கள். ஆனால் அவனுக்கு அவர்களின் மொழி தெரியும். பேசினான், பிழைத்தான். குரூசோ தன் தீவில் சந்தித்தவனுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தான். சாதுவன் போன இடத்து மொழியோடு போயிருந்தான்.

புறநானூறு 66இல் வெண்ணிக்குயத்தியார், "நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன் மருக" என்று கரிகாலனின் முன்னோரைச் சொல்கிறார். வளிதொழில் ஆண்ட என்ற இரண்டு சொல்லை அம்மப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். காற்றை வேலை வாங்குவது.

நெய்தல் | செவ்வாய் இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. டேனாவைத் தொடங்கிவிட்டோம். மூன்று மாலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய கயிறுகளைப் பிரித்து நாராக்கி, பலகை இடுக்குகளில் அடைக்கும் வேலையை டேனா எழுதும் இடத்தில் அம்மப்பா சிரித்தார். "கலப்பத்து!" என்றார். தங்கள் கப்பலில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்களாம். "மழை பெய்தாலும் வேலை, பெய்யாட்டிலும் வேலை. சும்மா இருக்க விடமாட்டாங்கள்." அடுத்த பக்கத்திலேயே டேனா அதே முறைப்பாட்டை எழுதியிருக்கிறார். அலுவல் இல்லாத மாலுமியைக் கப்பலில் காண முடியாது என்று.

பாட்டு இல்லாமல் கயிறு இழுக்க முடியாது, பழைய பாட்டில் உயிர் போய்விட்டால் புதுப் பாட்டுப் போட்டால்தான் பாரம் நகரும் என்று டேனா சொல்கிற இடத்தில் அம்மப்பா தானாகவே ஒரு அம்பாவைத் தொடங்கினார். இரண்டு அடிக்குமேல் ஞாபகம் இல்லை. அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தா. அவரின் மகள், ஐம்பத்தெட்டு வயது, அந்தப் பாட்டை அதற்கு முன் கேட்டதே இல்லை.

பிறகு அந்த இடம். ஒரு மாலுமி மரத்தில் இருந்து கடலில் விழுந்து போய்விடுகிறான். தேடிவிட்டுத் திரும்பி வந்ததும் கப்டன் அவனுடைய உடுப்புகளை மற்ற மாலுமிகளுக்கு ஏலம் விடுகிறார். கடல் வழக்கமாம். வாசித்துவிட்டு நான் நிறுத்தினேன். அம்மப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் பெட்டியைத் திறக்க மாட்டம். கட்டின கயிறோட கொண்டுபோய் வீட்டில குடுப்பம்" என்றார். யாருடைய பெட்டி என்று கேட்டேன். பெயர் சொன்னார். அவரைவிட இரண்டு வயது கூடியவராம். எழுபது வருடத்துக்கு மேல் ஆன கதை. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்று அதற்குமேல் வாசிக்கவில்லை.

சோழகம் | செவ்வாய் இரவு 11.20

தங்கச்சி, வாசித்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

நம் ஊர்க் கப்பல் 'அன்னபூரணி'யைப் பற்றி அம்மப்பாவிடம் கேளுங்கள். சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார், பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பார். வல்வெட்டித்துறையில் நம் மேஸ்திரிமார் கட்டியது. வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, மனைவியின் பெயரை வைத்து 'ஃபுளோரன்ஸ் சீ. ரொபின்சன்' ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டுபோய் 1938இல் மசசூசெட்ஸின் க்ளூஸ்டர் துறையில் நிறுத்தினார்கள். நியூபி மொஷுலுவில் ஏறிய அதே வருடம்!

ரொபின்சன் அதற்கு முன் 32 அடிப் படகில் உலகம் சுற்றி வந்து, 1932இல் புத்தகம் போட்டவர். நியூபி எழுதினார், வில்லியர்ஸ் எழுதினார். அத்திலாந்திக் கடந்த நம் ஆட்கள் எழுதிய ஒரு நூலை நான் இதுவரை கையில் எடுத்ததில்லை. சாப்பாடு, குளிர், முதல் முறை வடக்கு அத்திலாந்திக் அலையைப் பார்த்தபோது தண்டையல் என்ன சொன்னார், எதையும் அவர்கள் வாயால் நான் வாசித்ததில்லை. எனக்கு இது பெரிய துக்கம். உங்கள் கொப்பியை மழைபடாமல் வைத்திருங்கள். தொலைபேசியில் குரலையும் பதிவுசெய்யுங்கள், அந்த இரண்டு அடி அம்பாவை முதலில்.

பேனாமுனை | புதன் காலை 7.40

என் முதல் பதிவை இப்போது வேறு மாதிரி எழுதியிருப்பேன். தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு கேள்வி, இந்த நூல்கள் கொழும்பில் எங்கே கிடைக்கும்?

பழம்புத்தகம் | புதன் காலை 8.30

டேனா, கொன்ராட், நொக்ஸ், எக்வியானோ எல்லாம் பதிப்புரிமை முடிந்தவை. குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாக இறக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கியும் வாசிக்கலாம். நியூபி, வில்லியர்ஸ் விலைக்குத்தான். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே உள்ள பொது நூலகத்தில் தேடுங்கள். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில் இறக்குமதி நூல்களின் பழைய அடுக்குகளைப் பொறுமையாகக் கிளறுங்கள். தமிழ் நூல்களுக்கு வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம், நம் நாட்டுப் பழைய பதிப்புகளுக்கு நூலகம் இணையத்தளம். பழைய கடையில் வாங்கினால் கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு கடையில் நான் எடுத்த வில்லியர்ஸில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. குவைத்துக்கு வந்து சேர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

'மோபி டிக்' (1851) பற்றியும் சொல்ல வேண்டும். மெல்வில் 1841இல் 'அகுஷ்னெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர். முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டாம், திமிங்கில வகைப்பாட்டு அத்தியாயங்கள் காதுக்குக் கனம். அறுபதாவது அத்தியாயம் மட்டும் எடுங்கள். ஈட்டியோடு கட்டிய கயிறு தொட்டியில் எப்படிச் சுருட்டி வைக்கப்படும், திமிங்கிலம் இழுத்தால் துடுப்புப் போடும் ஒவ்வொருவனின் உடம்பையும் உரசிக்கொண்டு அது எப்படி ஓடும் என்று ஒரு அத்தியாயம் முழுக்கக் கயிறு. அம்மப்பாவுக்கென்றே எழுதினதுபோல இருக்கும்.

கொட்டாஞ்சேனைக் கடலோடி | புதன் மாலை 6.05

கயிறு என்றதும் டிம் செவெரினின் 'த சின்பாத் வொயேஜ்' (1982). ஓமானில் ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்து ஒரு கப்பல் கட்டினார்கள். நானூறு மைல் நீளக் கயிறு போனதாம். 1980 நவம்பரில் மஸ்கட்டில் புறப்பட்டு, கேரளக் கரை, நம் காலி, சுமத்திரா என்று போய் 1981 ஜூலையில் சீனாவின் கன்டன். இலங்கைக்கும் சுமத்திராவுக்கும் இடையில் காற்றே இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தார்கள். மழைநீரைத் தார்ப்பாயில் பிடித்து, சுறா பிடித்துச் சாப்பிட்டார்கள். காற்றில்லாமல் கிடப்பதைப் பற்றி அம்மப்பாவிடம் நிறையக் கதை இருக்கும்.

டேனா முடிந்ததும் ஜொசுவா ஸ்லோக்கம். 1895இல் பொஸ்டனில் புறப்பட்டுத் தன்னந்தனியாக 'ஸ்பிரே' என்ற படகில் உலகம் சுற்றி 1898இல் திரும்பியவர். நீந்தத் தெரியாது. தேர்ஸ்டே தீவில் இருந்து கோகோஸ் தீவுவரை 2,700 மைல், 23 நாள். அதில் சுக்கானைக் கையால் பிடித்தது மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று எழுதுகிறார்.

நெய்தல் | வியாழன் இரவு 9.30

ஸ்லோக்கத்தின் அந்த 23 நாளை மட்டும் அம்மப்பாவிடம் இன்று சொன்னேன். "பொய்" என்றார் உடனே. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "முதுகுக் காற்றோ?" என்று கேட்டார். ஆமாம், தென்கிழக்கு நிலைக்காற்று என்றேன். "அடிக்கட்டை நீளமோ?" தேடிப் பார்த்தேன், நீளம்தான். மேசையில் கரண்டியைப் படகாகவும் இரண்டு அப்பளத் துண்டைப் பாயாகவும் வைத்து, முன்பாயையும் பெரிய பாயையும் எப்படிச் சமன்செய்து, சுக்கானை எவ்வளவு தளர்த்திக் கட்டினால் படகு தானே நேராக ஓடும் என்று பத்து நிமிடம் காட்டினார். "மூண்டு மணித்தியாலம் எண்டது சரிதான். நல்ல படகு" என்று முடித்தார்.

அன்னபூரணி பற்றிக் கேட்டேன், சோழகம் அண்ணா. கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். அது தனியாக எழுத வேண்டியது. பதிவுசெய்திருக்கிறேன், நாற்பத்திரண்டு நிமிடம். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வர முடியுமா? ஊர்ச் சொற்கள் சில எனக்குப் பிடிபடவில்லை, நீங்கள் பக்கத்தில் இருந்தால் எழுதிவிடலாம். மூதூரான் நானாவும் கொட்டாஞ்சேனை ஐயாவும் வந்தால் அம்மப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். காற்றில்லாமல் கிடந்த கதையை ஐயாவுக்குத்தான் சொல்வாராம்.

இப்போது போக வேண்டும், கூப்பிடுகிறார். அலேர்ட் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது, நேற்று முதல் பனிக்கட்டி மலையைப் பார்த்துவிட்டார்கள். பாயை எவ்வளவு குறைத்தார்கள் என்று தெரியாமல் அவருக்கு நித்திரை வராது.